உன் தலைமேல் என் கை

சேகர்,

கல்யாணமான கையோடு நீயும் விமலாவும் ஜொகூர் போய்ச் சேர்ந்து வீடு கூட்டி, அடுப்பு பற்றவைத்து, சாமி படமும் மாட்டியாகிவிட்டது என்று அவள் போனில் சொன்னாள். சந்தோஷம். இந்தக் கடிதத்தை மட்டும் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உன் ஃபேக்டரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் முழுக்கப் படி. பாதியிலேயே “அம்மா ஆரம்பிச்சிட்டாங்கப்பா” என்று மடித்துச் சட்டைப் பையில் சொருகுகிற வேலை வேண்டாம். பெற்றவளுக்குத் தெரியாதா உன் சங்கதி?

நீங்கள் கிளம்பிய மறுநாள் உன் அறையைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் உன் பழைய பந்து விளையாடுகிற பூட்ஸ் பெட்டி இருந்தது. பூட்ஸ் கிழிந்துபோய் எத்தனையோ காலமாயிற்றே, இந்தப் பெட்டியை ஏன் வைத்திருக்கிறான் என்று திறந்தால், உள்ளே இளைப்புக்கு ஊதுகிற பிரவுன் பம்புகள். மாதாமாதம் நான் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து உன் மேசைமேல் வைத்தேனே, அதே பம்புகள். அட்டை பிரிக்காமல், அடுக்கி வைத்தது அடுக்கி வைத்தபடி இருந்தன. எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து பார்த்து, “என்னா, பல்லி விழுந்துருச்சா?” என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன். அந்த மனிதர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு லோடே இல்லை.

ஊரில் என்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமல்லவா? தம்பின் பாசாரில் மீன் விற்கிற மலாய்க்காரர்கூட “காக் செம்புட்” என்பார். நம் ஆட்கள் அதையே தமிழில் “இளைப்பு அக்கா” என்பார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூச்சு வாங்குகிற எவரைக் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். அந்த இளைப்பு அக்காவின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய ஊதாத மருந்து! வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் இந்த வேலைக்குப் போனேன் என்று உனக்கு ஒருநாளும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. எழுபதுகளில் நாம் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தபோது நீ சின்னப் பிள்ளை. மழை இறங்கினால் உனக்கு இளைப்பு ஏறும். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும். தோட்டத்து டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவர் கையில் இருந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் தண்ணி மருந்தும் நல்ல மனசும்தான். அது கேட்காவிட்டால் உன் அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து, உன்னை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தம்பின் போவோம். லாரி குலுங்கும்போதெல்லாம் நீ என் முந்தானையை இறுக்கிப் பிடிப்பாய். பேச மூச்சு இருக்காது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அழத்தான் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு டாக்டர் கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மருந்து இருக்கிற இடத்தில் நானும் இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு முட்டாள் நம்பிக்கை.

கவுண்டரில் நம்பர் கொடுத்து, மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருஷங்கள் ஓடின. நீ இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒருநாள் டாக்டர் சிரம்பானில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு வியாதி பார்க்கிற மலாய்க்கார சிஸ்டர் ஒருவர், ஒவ்வொரு கிளினிக்கிலும் ஓர் ஆளைப் பழக்கிவிடப் போகிறாராம். “ஒனக்குப் போக இஷ்டமா?” என்றார். “எனக்கு இங்கிலீசு வராது டாக்டர், தம்பிய அனுப்புங்க, மருந்து கலக்குற தம்பிய” என்றேன். “அவன் நாளைக்கே வேற வேலைக்குப் போயிருவான்லா. நீ இந்த ஊரு. இந்தத் தோட்டம் பூரா ஒனக்குச் சொந்தம். அதோட, இளைப்புன்னா என்னான்னு நான் ஒனக்குச் சொல்லித் தரணுமா?” என்றார்.

படித்துவிட்டு வந்தேன். ஆனால் நான் படித்தது பெரிதில்லை, சேகர். பிறகு டாக்டர் செய்ததுதான் பெரிது. சாமான் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். புதன்கிழமை மதியம் கவுண்டருக்கு வேறு ஆள் போட்டு, என்னை அந்த அறையில் உட்கார வைத்தார். அந்த சிஸ்டர் அவ்வப்போது பஸ் ஏறி வந்து, மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பேசுவதைக் கவனித்துவிட்டுப் போவார். சந்தேகம் வந்தால் போன் பண்ணச் சொன்னார். ஒரு தடவை ஒரு பெரியவர் கவுண்டரில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்: “ஊசி போட்டா ஒடனே நிக்கிது. இந்தம்மா என்னமோ குழாய வாயில வையிங்கிது. நான் டாக்டருகிட்ட வந்தனா, இந்தம்மாகிட்ட வந்தனா?” டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, எல்லார் முன்னிலும், “இளைப்பு விஷயத்துல அந்தம்மா சொன்னா நான் சொன்ன மாதிரி. போய் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அடுத்த வாரமே நான் பழையபடி பொட்டலம் கட்டப் போயிருப்பேன்.

சிஸ்டர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே குறை என்ன தெரியுமா? “ஜாங்கான் மாரா.” கோபப்படாதே என்று அர்த்தம். “நீ திட்டினால் அவர்கள் மருந்தை ஊதமாட்டார்கள், ஊதினேன் என்று பொய் சொல்லப் பழகிக்கொள்வார்கள்” என்றார். என் வாய் உனக்குத் தெரியும், சட்டியில் போட்ட கடுகு. கிளினிக்கில் அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அடக்க மறந்துபோய்விட்டது. பூட்ஸ் பெட்டியைப் பார்த்த அன்று சிஸ்டர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

லெட்சுமியை உனக்கு ஞாபகமிருக்கும். கல்யாண வீடுகளில் சத்தமாகச் சிரிப்பாளே, நம் பழைய தோட்டத்துப் பால்மரம் வெட்டுகிறவள், உன்னை ‘ஒல்லிக்குச்சி’ என்று கேலி பண்ணுவாளே, அவள்தான். அவளுக்கும் கடுமையான இளைப்பு. என் அறையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நீலப் பம்பு திணறும்போது மட்டும், பிரவுன் பம்பு திணறாத நாளிலும் காலையும் மாலையும், ஊதிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும் என்றெல்லாம். அழகாகச் செய்து காட்டினாள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் டாக்டரோடு தோட்டத்துக்குப் போனேன். அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனால், சாமி மேடையில் பால் வெட்டுகிற கத்திக்குப் பக்கத்தில் பிரவுன் பம்பு நிற்கிறது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு செம்பருத்திப் பூ. வாய்க்குள்ளெல்லாம் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. “அடிப் பாவி, பூசைக்கு வச்சியா, சரி. அதுக்கு முன்னாடி ஊதுனியா?” என்று கேட்டேன். “கோவிச்சிக்காதீங்கக்கா. டாக்டரு குடுத்த ஒசந்த மருந்து. நல்லா இருக்கிற நாள்ல ஊதித் தீத்துப்புட்டா, முடியாத நாளைக்கி என்னா செய்யிறது? அதான் சாமிகிட்ட பத்திரமா வச்சிருக்கேன்” என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு அந்த மருந்தின் மேல் அவ்வளவு மரியாதை!

நான் தினமும் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? அதனால் ஆயாக்கொட்டகை அஞ்சலையைப் பிடித்தேன். விடியலில் வேலைக்குப் போகுமுன் எல்லாத் தாய்மாரும் பிள்ளையை அவளிடம்தானே விட்டுவிட்டுப் போகவேண்டும். சிஸ்டர் எனக்குச் சொன்ன மாதிரியே நான் அஞ்சலைக்குச் சொல்லிக் கொடுத்தேன். லெட்சுமி பிள்ளையை இறக்கி விடுவாள், அஞ்சலை பம்பை நீட்டுவாள், அவள் கண்முன்னாலேயே ஊதிவிட்டுத்தான் பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, போகவேண்டும். “ஊதாம போனீன்னா ஒம் புள்ளைக்கிப் பால் கலக்க மாட்டேன், பாத்துக்க” என்று மிரட்டுவாளாம். அந்தக் காலத்தில் லெட்சுமி ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அஞ்சலைக்குச் சந்தேகம் வந்தால் ஆபீஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிடுவாள், எனக்கு வந்தால் நான் சிஸ்டரைக் கூப்பிடுவேன். அந்தந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆள், அந்த ஆளுக்குப் பின்னால் நிற்க இன்னோர் ஆள். இவ்வளவுதான் நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லெட்சுமி குடும்பத்தோடு சுங்கை காடுட் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போனாள். கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டு, “புது எடத்துல பக்கத்து வீட்டுக்காரிகிட்டயாவது சொல்லி வையிடி” என்று கெஞ்சினேன். “ஐயோ வேணாங்கா. இளைப்புக்காரின்னு தெரிஞ்சா வேலைக்கி எடுக்க மாட்டானுங்க. நானே பாத்துக்கிறேன்” என்றாள். நானே பாத்துக்கிறேன்! லெட்சுமி செத்துப்போன சேதியை அஞ்சலைதான் வந்து சொன்னாள். அவள் மூச்சுத் திணறி விழுந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இன்னதென்று தெரியவில்லையாம். மயக்கம் என்று நினைத்து, படுக்க வைத்து, சோடா கொடுத்திருக்கிறார்கள். இளைப்புக்காரியைப் படுக்க வைத்திருக்கிறார்கள், சேகர். துக்கத்துக்குப் போனபோது நான் வேறெதையும் பார்க்கவில்லை, சாமி மேடையைத்தான் பார்த்தேன். பிரவுன் பம்பு அங்கே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. யார்மேல் கோபப்படுவேன்?

லெட்சுமிக்கு நடந்தது இவ்வளவும் உனக்குத் தெரியும். நான் அழுதுகொண்டே சாப்பாடு போட்டதும் நீ கேட்டுக்கொண்டே சாப்பிட்டதும் எனக்கு ஞாபகமிருக்கிறது. தெரிந்துதானே அதைச் செய்தாய்? கல்யாணத்துக்கு முந்தின வாரம், நான் கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பையில் வெற்றிலையும் மஞ்சளும் போட்டுக்கொண்டிருந்தேன். “விமலாகிட்ட சொல்லிட்டியா ஐயா?” என்று கேட்டேன். உன் முகம் மாறிற்று. “அம்மா, அவங்க அம்மா வந்த அன்னிக்கே மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாங்க. அப்பா இல்லைன்னு சொல்லிட்டாரு. இப்பப் போயி இளைப்புன்னு சொன்னா என்னாம்மா நெனப்பாங்க? நேரம் வரட்டும், நானே சொல்லிக்கிறேன்” என்றாய். “நேரம் எப்பப்பா வரும்? நாளைக்கி அந்தப் புள்ள பயந்துறாதா?” என்றேன். நீ என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாய். சின்ன வயசில் காது குடைந்துவிடச் சொல்லி உட்காருவாயே, அந்த மாதிரி. என் கையைப் பிடித்து உன் தலைமேல் வைத்தாய். “ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறீங்க, எல்லாரும் நல்லா இருக்கட்டும். என்னைய மட்டும் விட்டுருங்கம்மா. நான் சொல்லச் சொல்ற வரைக்கும் விமலாகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலமேல சத்தியம் பண்ணுங்க” என்றாய்.

வேறு எதன்மேல் கேட்டிருந்தாலும் நான் சத்தியம் பண்ணிவிட்டு மீறியிருப்பேன். கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாலும் மாரியம்மனிடம் நான் பேசிச் சமாளித்துக்கொள்வேன். நீ உன் தலையை அல்லவா கொடுத்தாய்? அதை உடைத்தால் யார் தலையில் விடியும்? எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், அறையில் உட்கார்ந்து நோயாளியிடம் பேசும்போது இல்லை. என் பிள்ளையின் தலை என்று வரும்போது இருக்கிறது. என் கையில் மஞ்சள் இருந்தது. உன் முடியில் ஒட்டிக்கொண்டது. சத்தியம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று ஐயர் ஹோமத்தில் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை உன் பக்கம் திரும்பிற்று. நீ துண்டை வாயில் வைத்து இருமினாய். தோள் ஏறி இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுகிற பிள்ளையின் தோளைப் பார்த்துக்கொண்டு நின்ற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விமலா மெதுவாகத் திரும்பி, “அவங்களுக்குச் சளியா அத்தை?” என்று கேட்டாள். “பொகைம்மா, பொகை” என்றேன். புகைதான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் என்னை நம்பித் தலையாட்டினாள் பார், அது என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை மதியம், என் அறையில் ஆட்கள் காத்திருக்கும்போது, கவுண்டருக்குப் போன் வந்தது. விமலா. நீ வேலைக்குப் போனபிறகு கூப்பிட்டிருக்கிறாள். “அத்தை, ஒண்ணு கேக்கட்டா? அவங்க தூங்கும்போது மூச்சு ஒரு மாதிரி விசில் அடிக்கிது. எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போயி உக்காந்துக்கிறாங்க. என்னாங்கன்னு கேட்டா, புது வீட்டுப் பெயிண்ட்டு வாசன, நீ தூங்குன்னு சிரிக்கிறாங்க. சட்டைப் பையில நீலமா ஏதோ வச்சிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு அத்தை. நான் என்னா செய்யணும்?”

நான் என்ன செய்யணும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் டாக்டர் எனக்கு அந்த அறையைக் கொடுத்தார். வேறு யாராவது கேட்டிருந்தால், நீலத்தை அடிக்கடி ஊதுகிறாரா, மாடி ஏறினால் வாங்குகிறதா, பேச்சு முழுசாக வருகிறதா என்று மடமடவென்று கேட்டிருப்பேன். படுக்க வைக்காதே, நிமிர்த்தி உட்கார வை, பேச முடியவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருப்பேன். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சுவரில் நான் ஒட்டிய நெஞ்சுப் படம் எதிரே இருக்கிறது. காத்திருக்கிறவர்கள் என்னையே பார்க்கிறார்கள். கடைசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? “தலகாணிய ஒசத்தி வையிம்மா.” அவ்வளவுதான். “சரி அத்தை” என்று வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை என்னிடம் உயிரைக் கேட்டது, நான் தலையணையைக் கொடுத்தேன்.

டாக்டர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “யாரு?” என்றார். “மருமக, டாக்டர்.” “அந்தப் புள்ளைக்கு இன்னும் தெரியாதா?” “சத்தியம் வாங்கிட்டான் டாக்டர், தலமேல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ விஷயத்துக்கு எனக்குப் பின்னால் நின்ற மனிதர். “அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று உனக்குப் பார்சல் கட்டினேன். முறுக்கு, ஊறுகாய், விமலாவுக்கு ஒரு சேலை. முறுக்கு டின்னுக்குள் ஒரு பிரவுன் பம்பை வைத்தேன். பார்சலைப் பிரிக்கப் போவது அவள்தான் என்று ஞாபகம் வந்ததும் எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நான்தான்டி மொதல்ல இல்லைன்னு சொன்னேன்” என்றார். பம்பு இல்லாமலேயே டின்னை மூடிக் கட்டிவிட்டேன். சத்தியத்துக்கு இவ்வளவு பயப்படுகிறேனே என்று நினைக்காதே. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயம்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை, ஐயா. திட்டி என்ன கண்டேன், ஒரு பூட்ஸ் பெட்டியைத்தான் கண்டேன். அங்கே கிளினிக்குக்குப் போய் பிரவுன் பம்பு வாங்கிக்கொள். நல்லா இருக்கிற நாளிலும் ஊது. அதைவிட முக்கியம், விமலாவிடம் சொல். அவள் உன்னைக் கீழாக நினைப்பாள் என்று பயப்படுகிறாய். ராத்திரி கண் விழித்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற பெண் அவள். இங்கே இருந்துகொண்டு என்னால் உன் நெஞ்சைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவள் அவள்தான். எனக்கு டாக்டர் நின்ற மாதிரி, அஞ்சலைக்கு நான் நின்ற மாதிரி, அவளுக்குப் பின்னால் நான் நிற்பேன். எந்நேரம் கூப்பிட்டாலும் சொல்வேன், கோபப்படாமல் சொல்வேன்.

ஆனால் நீ சொல்கிறவரை என்னால் ஒன்றும் முடியாது. என் கை இன்னும் உன் தலைமேல்தான் இருக்கிறது. நானாக எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வருகிற புதன்கிழமையும் விமலா கூப்பிடுவாள், எனக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து “அம்மாகிட்ட கேளு, சொல்லுவாங்க” என்று உன் குரல் கேட்கட்டும். அந்த நிமிஷம் கையை எடுத்துவிடுவேன்.

கவுண்டர் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்,
அம்மா